மூன்று லட்சத்தை எதில் போடுவது? மானூர்ப் பக்கத்து மானாவாரி ஊர் ஒன்றின் கணக்கு

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினார்கள். அரிசி, பாய், போர்வை வாங்கிக் கொடுத்ததுபோக 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் மிச்சம் நின்றது. "அடுத்த தடவ மழ பேயலன்னாலும் சரி, கொட்டித் தீத்தாலும் சரி, வீட்டுச் சாப்பாட்டுக்கு வெள்ளாம வைக்கவங்க கடன்ல விழாம இருக்க இதுல என்ன முடியுமோ செய்யுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

மாசியிலும் பங்குனியிலுமாக நாலு கூட்டம் போட்டோம். ஆளுக்கொரு யோசனை வந்தது, சண்டையும் வந்தது. எங்கள் பக்கத்து மானூரில் கோயில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 1,200 ஆண்டுப் பழசு, பாண்டியர் காலம். ஊர்ச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று அதில் விதி வெட்டியிருக்கிறார்கள். எந்த யோசனை வந்தாலும் எழுந்து நின்று 'கூடாது, கூடாது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஐந்து காசு தண்டம். அதை நான் முதல் கூட்டத்திலேயே சொன்னேன். வேண்டாம் என்கிறவர் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், வேண்டும் என்கிறவர் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அப்படிப் பேசிப் பேசித் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஊர்ப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு ஆகும்.

ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் கணக்கு புரியும். அறுபத்துச் சொச்சம் வீடு. கரிசல் காடு (புன்செய் நிலத்தைத்தான் காடு என்போம்), வீட்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று ஏக்கர் வரை. உளுந்து, பாசி, கம்பு, கொஞ்சம் மக்காச்சோளம். குளத்துக்குக் கீழே சில பேருக்கு நாலு மரக்கால் விதை விதைக்கிற அளவு வயல் உண்டு. சொந்தக் கிணறு பதினோரு வீட்டுக்குத்தான். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை, உழுகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டா தாத்தா பேரிலேயே கிடக்கும் வீடுகளும் இருக்கின்றன.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு எங்கள் பாடு சட்டென்று பிடிபடாது. அங்கே பாபநாசம் அணை, அதற்குக் கீழே வரிசையாக எட்டு அணைக்கட்டு, கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு போக நெல். நாங்கள் வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கிலும் ஊத்திலும் கொட்டுகிற மழையில் கால் பங்குகூட எங்களுக்குக் கிடையாது. கிடைப்பதும் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதத்துக்குள் வந்து முடிந்துவிடும்.

எங்கள் பெரியம்மை (பெரியம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) காட்டை வைத்தே சொல்கிறேன். இரண்டு ஏக்கர். 2023 புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் உளுந்து விதைத்தாள். ஒரு தூறல் விழுந்தது, பாதி முளைத்தது. அதோடு மழை நின்றுவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு முழுக்கவே மழை குறைவு. முளைத்ததும் கருகிப் போக, ஐப்பசிக் கடைசியில் கடையில் கடனுக்கு விதை வாங்கி மறுவிதைப்பு செய்தாள். இந்தத் தடவை நன்றாக வந்தது, பூவும் வைத்தது. மார்கழி முதல் நாள், டிசம்பர் 17, மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழைதான். காட்டில் நாலு நாள் தண்ணீர் நின்றது. வடிந்ததும் அவளோடு நானும் போனேன். ஒரு செடியைப் பிடித்தேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பேறி, தோல் உரிந்து, ஊறப்போட்ட நார் மாதிரி இருந்தது. "அவிஞ்சு போச்சுல்லா மக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஒரே பருவம், ஒரே காடு. ஒரு தடவை காய்ந்தது, ஒரு தடவை அழுகியது. இரண்டு விதைச் செலவு, வீட்டுக்கு ஒரு படி உளுந்து வரவில்லை. அதனால் எந்த யோசனை வந்தாலும் மூன்று கேள்வி கேட்டேன். காய்ச்சல் என்கிற வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இரண்டுக்கும் உதவுமா? உதவி விதைக்கிற நாளுக்குள் கைக்கு வருமா? கிணறும் பட்டாவும் இல்லாதவருக்கும் போய்ச் சேருமா?

ஆழ்துளைக் கிணறு

கூட்டத்தில் முதலில் எழுந்த குரல் இதுதான். "ரெண்டு போரப் போட்டுக் குடுத்துட்டா ஊரே பொழச்சுக்கிடும்" என்று ஒரு அண்ணாச்சி அடித்துச் சொன்னார். அவர் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் அப்பாவும் அப்படி நம்பினவர்தான். முதல் போர் 450 அடி, புழுதிதான் வந்தது. இரண்டாவதில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வந்தது, இரண்டு ஆண்டு ஓடியது, 2016இல் நின்றது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. போர் காய்ந்த பிறகும் போருக்கு வாங்கிய கடன் நாலு ஆண்டு ஓடியது.

எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில்தான் இருக்கும். ஒரு இடத்தில் கிடைத்தால் பத்தடி தள்ளிக் கிடைக்காது. கிடைத்தாலும் பக்கத்துத் திறந்த கிணறு இறங்கிவிடும். நல்ல மழை ஆண்டில் தண்ணீர் கொடுத்துவிட்டு, மழை இல்லாத ஆண்டில் கைவிடுகிற ஒன்றை வறட்சிக்கு வழி என்று சொல்ல முடியாது. வெள்ளத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதும் இல்லை. ஆடுமாடு குடிக்க வேண்டுமானால் போடலாம், பயிருக்கு வேண்டாம் என்று முடிவானது. அண்ணாச்சிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

பண்ணைக் குட்டை

இது நல்ல யோசனை. ஆனால் எல்லாருக்கும் ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். மேல்வாயில் 15 மீட்டருக்கு 15 மீட்டர், அடியில் 11க்கு 11, ஆழம் 2 மீட்டர் என்று சரிவாக வெட்டினால் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். கேட்கப் பெரிய தொகையாக இருக்கும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, நிறைந்த குட்டை ஒரு ஏக்கருக்கு ஒன்றரைத் தடவை பாய்ச்சுகிற தண்ணீர். வெயிலில் ஆவியாவது நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் மாதத்தில் 15 சென்டிமீட்டர் இறங்கிவிடும், கசிவு தனி.

அந்த ஒன்றரைத் தண்ணீரையும் லேசாக எண்ணக் கூடாது. கார்த்திகையில் இருபது நாள் மழை விட்டுப்போய், உளுந்து பூவெடுக்கும் நேரத்தில் மண் வெடிக்கும்போது, அந்த ஒரு தண்ணீர்தான் வெள்ளாமையைக் காப்பாற்றும். உயிர்த் தண்ணீர் என்று சொல்வது அதைத்தான். கரிசலில் குட்டைத் தண்ணீர் ஓரளவு நிற்கும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் வெட்டினால் இரண்டு நாளில் காணாமல் போகும், அங்கே விரிப்புப் போட்டாக வேண்டும்.

இடம்தான் சிக்கல். மேல்வாய் மட்டும் அஞ்சரை சென்ட், கரையையும் சேர்த்தால் ஏழெட்டு சென்ட். மூன்று ஏக்கர்காரர் கொடுப்பார். ஒரு ஏக்கர் வைத்திருப்பவரிடம் கேட்க எனக்கே மனசு வரவில்லை. வாரத்துக்கு உழுகிறவருக்குக் கேட்கவே வழியில்லை. வெள்ளத்துக்கு இதனால் பெரிய பலன் இல்லை. முதல் மழையிலேயே குட்டை நிரம்பிவிடும், மீதி அதன் மேல் ஓடும். ஒன்று மட்டும் உண்டு: தண்ணீர் நுழைகிற வாயில் சின்ன வண்டல் குழி வெட்டினால் அடித்துக்கொண்டு போகும் மேல்மண் அங்கே தங்கும், அள்ளித் திரும்பக் காட்டிலேயே போடலாம்.

குட்டை வெட்ட வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகவும் நூறு நாள் வேலை வழியாகவும் அப்போது அரசு உதவி கிடைத்தது. அரசு கொடுக்கிறதுக்கு ஊர்ப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். இடம் இருக்கிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற வேலை எங்களுடையது. இரண்டு பேர் பொதுவரப்பில் சேர்ந்து வெட்டச் சம்மதித்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொன்னேன்: குட்டையைச் சுற்றி முள்வேலி கட்டாயம். பிள்ளைகள் விளையாடுகிற காடு.

குளம், ஓடை, மறுகால்

எங்கள் குளத்தின் கதை வருத்தமான கதை. மடைப்பலகை உளுத்துப்போய், அடைத்து வைத்தாலும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். தை மாதத்துக்கு மிஞ்ச வேண்டிய தண்ணீர் மார்கழியிலேயே போய்விடும். அது வறட்சிக் குறை. தண்ணீர் வரும் ஓடையில் சீமைக்கருவேலம் ஆள் நுழைய முடியாதபடி அடைத்துக் கிடந்தது. கரை ஒரு இடத்தில், வண்டியும் டிராக்டரும் ஏறி இறங்கி, ஒன்றரை அடி தாழ்ந்து போயிருந்தது. மறுகாலில் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாய்) யாரோ கல்லும் மணல்மூட்டையும் இரண்டு வரிசை அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். இதெல்லாம் வெள்ளக் குறை.

மணல்மூட்டை வைத்தவரை நான் திட்ட மாட்டேன். தண்ணீர் இல்லாமல் வயல் காய்ந்த ஆண்டுகளில், கூட ஒரு அடித் தண்ணீர் நின்றால் போதும் என்று வைத்தது அது. டிசம்பர் 18 விடியும் முன் தண்ணீர் மறுகால் வழியே போக முடியாமல், அந்தத் தாழ்ந்த வண்டிப்பாதை வழியே ஏறிக் கரையை அறுத்துவிட்டது. முப்பதடி உடைப்பு. கீழே வயலில் முழங்கால் உயரம் மணல். முன்பு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மழைக்காலத்தில் ராத்திரி கரையிலேயே படுப்பார், மடை எப்போது திறக்க, மறுகால் எப்போது போகும் என்று அவருக்குத்தான் தெரியும். அறுப்பில் கதிர்க்கட்டாகக் கூலி கொடுத்தார்கள். அந்தக் கூலி நின்று ஒரு தலைமுறை ஆகிறது. அன்றைக்கு ராத்திரி கரையில் ஒரு ஆள் இருந்து இரண்டு மூட்டையைத் தள்ளிவிட்டிருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆக, ஒரே குளத்தைச் சரிசெய்தால் காய்ச்சலுக்கும் ஆகும், வெள்ளத்துக்கும் ஆகும். முதல் கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னது வேறெதுவும் இல்லை. செலவும் நாம் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. 100 ஏக்கருக்குக் குறைந்த பாசனம் உள்ள குளம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சேர்ந்தது, அதற்கு மேல் போனால் நீர்வளத் துறை. எங்களுடையது ஒன்றியக் குளம். அனுமதி இல்லாமல் கரையில் மண்வெட்டி வைக்கக் கூடாது. அனுமதியோடு, நமக்கு நாமே திட்டத்தில் ஊர்ப் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். குளத்து வண்டலை விவசாயி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு இப்போது வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே அனுமதி கொடுக்கிறார்கள். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து டிராக்டர் வண்டல் அடித்த செவக்காட்டில் ஈரம் எத்தனை நாள் கூட நிற்கிறது என்று அடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். குளம் நிரம்பினால் நேரடியாகப் பலன் கீழ்வயல்காரருக்குத்தான். பெரியம்மை காடு குளத்துக்கு மேலே இருக்கிறது; மடையைப் பொன்னால் செய்தாலும் அவளுக்கு ஒரு சொட்டு வராது. ஆனால் ஓடை அவள் காட்டோரமாகத்தான் போகிறது. கருவேலம் அடைத்ததால் ஓடைத் தண்ணீர் பிதுங்கித்தான் அவள் உளுந்தில் நாலு நாள் நின்றது. அதனால் குளத்து வேலையில் எதை முதலில் என்று கேட்டபோது, மடையைவிட முந்தி ஓடையும் மறுகாலும் என்று நான் நின்றேன். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். வெட்டி விட்டால் அடுத்த ஆடிக்குள் இரண்டு மடங்காகத் துளிர்க்கும்.

காப்பீடு

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று கேட்டவர்கள் உண்டு. இருக்கிறது, வேண்டியதுதான். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது, காப்பீட்டுத் தொகையில், காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலம்) பருவத்துக்கு 2 சதவீதம், ராபிக்கு (அதற்கடுத்த பருவம்) 1.5, பருத்தி மாதிரிப் பணப்பயிருக்கு 5. மிச்சப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. இவ்வளவு குறைந்த செலவில் வேறு பாதுகாப்பு கிடையாது. ஆனால் அது எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்று புரிந்துகொண்டு கட்ட வேண்டும். உங்கள் வயலை வந்து பார்த்து இழப்பு போடுவதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது பிர்க்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தது) அளவில் சில வயல்களில் அறுத்து எடைபோட்டு, அந்தச் சராசரி விளைச்சல் நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால்தான் பணம். ஊரே விளைந்து உங்கள் காடு மட்டும் மூழ்கினால் கிடைப்பது அபூர்வம். தனி வயல் இழப்பைச் சொல்லச் சில வகைப் பாதிப்புக்குத்தான் வழி. அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். முழங்கால் தண்ணீரில், கரண்டும் டவரும் இல்லாமல், அந்த 72 மணி நேரம் எப்படிப் போகும் என்று பார்த்தவர்கள் நாங்கள்.

அடுத்தது காலம். 2016 பயிருக்கு எங்கள் வீட்டுக்கு இழப்பீடு வந்தது உண்மை. வந்தபோது அதற்கடுத்த ஆண்டு விதைப்பே முடிந்திருந்தது. வந்த பணம் கடன் வட்டிக்குப் போனது. அரசு கொடுக்கும் பேரிடர் நிவாரணமும் அப்படித்தான்: 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்றால், 2023இல் இருந்த பேரிடர் நிதி விதிப்படி மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000. ஏக்கருக்குப் பார்த்தால் மானாவாரிக்கு 3,400 சொச்சம். நல்ல காரியம்தான், விதைக்கிற வாரத்தில் கைக்கு வராது.

அதனால் காப்பீட்டைத் தள்ளவில்லை. ஊர்ப் பணம் பிரீமியத்துக்குப் போவதைவிடக் காகிதத்துக்குப் போனால் பலன் அதிகம் என்று கண்டோம். அடங்கல் (யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கு) வாங்க அலைய முடியாத கிழவிகள், வாரத்துக்கு உழுகிறேன் என்று எழுதி வாங்கத் தெரியாதவர்கள், தாத்தா பேரிலிருந்து பட்டா மாறாத வீடுகள் என்று இருபது குடும்பம். இவர்களுக்கு ஒரு பையன் கூட நின்று எழுதிக் கொடுத்தாலே பாதி வழி திறந்துவிடும்.

ஆடு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வறட்சியில் ஆட்டைப்போல் கைகொடுப்பது எதுவும் இல்லை. நாலு ஆட்டை விற்றால் வீடு ஓடும். எங்கள் பக்கத்துக் கன்னி ஆடும் தூத்துக்குடிப் பக்கத்துக் கொடி ஆடும் காய்ந்த காட்டில் எதையாவது கடித்துப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த டிசம்பரில் கட்டிப் போட்ட இடத்திலேயே மூழ்கிச் செத்த ஆடுகளை நாங்கள் தூக்கிப் புதைத்தோம். மழைக்குப் பிறகு செம்மறிக்கு நீலநாக்கு நோயும் வரும். உயரப் பரணும் தடுப்பூசியும் இல்லாமல் ஆடு வாங்கிக் கொடுப்பது சரியில்லை. பணம் மீண்டும் சேர்ந்தால் பரண் அமைக்கலாம்.

விதை

கடைசிக் கூட்டத்தில்தான் இது வந்தது, சொன்னது பெரியம்மை. "மழ பேஞ்ச அன்னைக்கு கையில வெத இருந்தா நான் ஏன் கடைக்காரன்ட்ட போறேன்?" என்றாள். அதுவரை நான் போட்டுவைத்த கணக்கெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இடம் மாறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். மானாவாரி விவசாயியைக் கடனில் தள்ளுவது முதல் விதைப்பு கிடையாது. அதற்கு எப்படியும் வைத்திருப்பார்கள். மறுவிதைப்புதான் தள்ளுகிறது. முளைத்தது கருகிவிடும், பதினைந்து நாள் கழித்து மழை பெய்யும், எல்லாரும் ஒரே வாரத்தில் கடைக்கு ஓடுவார்கள், விலை ஏறும், தரம் இறங்கும், கடனுக்குத்தான் கிடைக்கும். கரிசலில் ஈரம் பதமாக இருப்பது ஒரு வாரம் பத்து நாள். அதற்குள் விதை மண்ணில் விழ வேண்டும். அந்தப் பத்து நாளுக்குள் வருகிற உதவி ஒரு மூட்டையாக இருந்தாலும் போதும். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் வந்தாலும் அந்த ஆண்டு வெள்ளாமை திரும்ப வராது.

வெள்ளத்துக்கும் இதே கதைதான். டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது காட்டில் ஈரம் நிறைய இருந்தது. அந்த ஈரத்தில் காணம் (கொள்ளு) விதைத்திருக்கலாம்; அதற்கப்புறம் மழையே இல்லாவிட்டாலும் பனியிலேயே தேறி வரக்கூடிய பயிர். ஏக்கருக்கு 8 கிலோ விதை. ஊரில் ஒரு வீட்டில்கூட விதைக்கு ஆகிற காணம் மிஞ்சவில்லை. பெரியம்மை வீட்டுக் குலுக்கையில் (தானியம் போட்டுவைக்கும் மண் குதிர்) ஒரு மூலையில் கொஞ்சம் வைத்திருந்தாள். வீட்டுக்குள் வந்த தண்ணீரில் குலுக்கையின் அடிமண் கரைந்து, மேல்பாகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே கையை விட்டால் கம்பும் காணமும் சேறும் ஒன்றாகக் குழைந்து, சூடாக இருந்தது. முளைவிடத் தொடங்கிய தானியத்தின் சூடு அது.

எனவே ஊர் விதைச் சேமிப்பு. அறுபது வீடும் ஒரே சமயத்தில் மறுவிதைப்பு செய்யும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஐம்பது ஏக்கர் உளுந்துக்கு, ஏக்கருக்கு 8 கிலோ வீதம் 400 கிலோ. வெள்ளத்துக்குப் பின் விதைக்க இருபத்தைந்து ஏக்கருக்குக் காணம் 200 கிலோ. கம்பு ஏக்கருக்கு 2 கிலோதான், 50 கிலோ போதும். குதிரைவாலி 50 கிலோ. இதைச் சேர்க்கச் சொன்னது நான். சில நாள் தண்ணீர் கட்டினாலும் தாங்கும், காய்ந்தாலும் தாங்கும், இரண்டுக்கும் நிற்கிற சிறுதானியம் அது. அதற்குத் தோல் நீக்குகிற மில் பக்கத்தில் இல்லை என்று பெண்கள் சொன்னது நியாயமான குறை. அதனால் அளவைக் குறைத்துக்கொண்டோம்.

மக்காச்சோளம் வைக்கவில்லை. வீரிய விதை, அதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைத்து விதைக்க முடியாது. 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்ற பிறகு செலவும் கூடிவிட்டது. விற்பதற்கு வைக்கிறவர்கள் வைக்கட்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கான சேமிப்பில் அதற்கு இடம் இல்லை.

விதி எளிமையாக வைத்தோம். 8 கிலோ எடுத்தவர் அறுப்பில் 10 கிலோவாகத் திருப்ப வேண்டும். விளையவில்லை என்றால் அடுத்த ஆண்டு. பட்டா கேட்பதில்லை, உழுகிறவர் யாரோ அவருக்குத்தான். முதல் விதைப்புக்குக் கிடையாது, மறுவிதைப்புக்கும் வெள்ளத்துக்குப் பின்னும் மட்டும். சேமிப்பு இருக்கிற இடம் ஊரிலேயே உயரமான கட்டடத்தின் பரண். தரையில் ஒரு டிரம்கூட வைக்கக் கூடாது.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. விதை இருந்தும் மழையே வராத 2016 மாதிரி ஆண்டில் டிரம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உளுந்தில் வண்டு விழும். மாதம் ஒருமுறை வெயிலில் போட்டு, பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற பதத்துக்குக் காயவைத்து, நொச்சி இலையும் சாம்பலும் போட்டுக் கட்ட ஆள் வேண்டும். அந்த வேலையை மகளிர் குழுவில் மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள்.

ஆற்றுப்பாசனத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கிறவர்களில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர்ப் பக்கத்து நஞ்சைக்காரர்கள் இருந்தால் உங்கள் கணக்கு வேறு. பிசானத்தில் நாற்று நட்ட கொஞ்ச நாளில் வெள்ளம் வருகிறது என்றால், சி.ஆர். 1009 சப் 1 மாதிரி ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் தழைக்கும். ஆனால் அது ஐந்து மாதப் பயிர். பங்குனி வரை கால்வாயில் தண்ணீர் வருமா என்று பார்க்க வேண்டும். பூத்த பிறகு மூழ்கினால் அந்தக் குணம் கைகொடுக்காது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16, 110 முதல் 115 நாளில் அறுப்புக்கு வந்துவிடும்; தண்ணீர் குறைந்த ஆண்டுக்கு அது தோது, மூழ்குவதைத் தாங்காது. இரண்டு வயல் இருந்தால் பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று வைப்பேன். ஒரு வயல்தான் என்றால், அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மூழ்குகிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பேன்.

பணத்தை எப்படிப் பிரித்தோம்

விதைச் சேமிப்புக்கும் டிரம், பரண் வேலைக்கும் 85 ஆயிரம். ஓடை தோண்டவும் மறுகால் சீர்செய்யவும், திட்டத்தில் ஊர்ப் பங்கும் சேர்த்து, ஒன்றரை லட்சம். நீர்க்கட்டிக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதம், மாதத்துக்கு 4 ஆயிரம், ஆண்டுக்கு 12 ஆயிரம் வீதம் மூன்று ஆண்டுக்கு 36 ஆயிரம். அதற்குப் பிறகு பழையபடி அறுப்பில் வயல்காரர்கள் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். காப்பீட்டுக் காகித வேலைக்கு 20 ஆயிரம். மீதி 29 ஆயிரத்தைத் தொடவில்லை. மழைக்காலம் முடிகிறவரை தொடவும் கூடாது.

இன்னும் பணம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று துபாயிலிருந்து ஒரு தம்பி கேட்டான். மடைக்குப் புதுப் பலகை என்றேன். அதற்கடுத்து ஆட்டுப் பரண். போர் என்று நான் சொல்லவில்லை.

உளுந்து விதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் சான்று பெற்றதாகவே வாங்கினோம். ஆவணியில் ஒரு நாள் நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் பத்துப் பத்தாகப் பரப்பிச் சுருட்டி, பெரியம்மை வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தோம். 75க்குக் கீழே முளைத்தால் அதை விதை என்று சொல்லிக் கொடுக்க முடியாது. நாலாம் நாள் சாக்கைப் பிரித்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளே விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். எண்பத்தெட்டு. "சரி, மூடிரலாம்" என்று எழுந்து, டிரம் மூடியை இறுக்கி, வளையத்தைத் தட்டிப் பூட்டிவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.